கடற்பஞ்சுகளில் புதிய அல்கலாய்டுகளைக் கண்டறிவது எப்படி: மாதிரி சேகரிப்பு முதல் உறுதிசெய்த கட்டமைப்பு வரை

கடற்பஞ்சு பாறையிலோ பவளத்திலோ ஒட்டிக்கொண்டு, கடல்நீரை வடிகட்டி உண்டு வாழும் விலங்கு. ஓடவோ ஒளியவோ முடியாத இந்த உயிரினம், தன்னை மேய வரும் மீன்களையும் தன்மீது படர வரும் பிற உயிரிகளையும் பெரும்பாலும் வேதிப்பொருள்களைக் கொண்டே தடுக்கிறது. அவற்றில் நைட்ரஜன் தாங்கிய அல்கலாய்டுகள் தனி இடம் பெற்றவை. 1971-இல் மத்தியதரைக் கடலின் அகெலாஸ் ஒரோய்டெஸ் என்ற இனத்திலிருந்து ஒரோய்டின் என்ற அல்கலாய்டு பிரித்தெடுக்கப்பட்டது. 1986-இல் ஒக்கினாவாவில் தத்சுவோ ஹிகாவின் குழு ஹாலிக்குளோனா பேரினக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து மன்சமைன்-ஏ என்ற சேர்மத்தை அறிவித்தது. பின்னாளில் எலிகளில் மலேரியாவுக்கு எதிராக அது காட்டிய செயல்திறன் பரவலான கவனத்தை ஈர்த்தது. 1993-இல் பால் ஷோயரின் குழு பலாவு தீவுகளில் எடுத்த கடற்பஞ்சிலிருந்து பலாவமைன் என்ற அல்கலாய்டை வெளியிட்டது.

இந்த வழிகாட்டி, வேதியியலிலோ கடல் உயிரியலிலோ முதுநிலைப் படிப்பை முடித்து இத்துறையில் ஆய்வைத் தொடங்குவோருக்காக எழுதப்பட்டது. ஒரு சேர்மத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்ததும் கண்டுபிடிப்பு முடிந்துவிட்டதாக எண்ணும் போக்கு இத்துறையில் பரவலாக உள்ளது. அந்தச் சேர்மம் இதற்கு முன் அறியப்படாதது, அது கடற்பஞ்சில் இருந்ததே தவிர ஆய்வகத்தில் உருவானதல்ல, நாம் வரைந்த கட்டமைப்பு சரியானது என்ற மூன்றையும் பிறர் சோதித்துப் பார்க்கும் வகையில் நிறுவினால்தான் கண்டுபிடிப்பு நிறைவடைகிறது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிநிலையும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்காகச் செய்யப்படுவதே.

எடுத்துக்காட்டாக ஸ்டைலிசா கார்ட்டெரி என்ற ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சையும் பிர்ரோல், இமிடசோல் என்ற இரு நைட்ரஜன் வளையங்களைக் கொண்ட அதன் பிர்ரோல்-இமிடசோல் அல்கலாய்டுகளையும் எடுத்துக்கொள்கிறேன். ஆர்தர் டெண்டி 1889-இல் மன்னார் வளைகுடா மாதிரிகளைக் கொண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இனம் இது. அப்போது அவர் இட்ட பெயர் அகாந்தெல்லா கார்ட்டெரி. செங்கடல் முதல் இந்தோனேசியா வரை பரவியிருக்கும் இந்த இனத்தின் வேதியியல் நன்கு ஆராயப்பட்டிருப்பதாலேயே, புதியதைப் பழையதிலிருந்து பிரித்தறியக் கற்றுக்கொள்ள இது ஏற்றது.

படி 1: அனுமதியும் முன்னாய்வும்

கடலில் இறங்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை அனுமதி பெறுவது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எந்த உயிரியையும் எடுக்கக் கூடாது. சுண்ணாம்பு நுண்முட்கள் கொண்ட கடற்பஞ்சுகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. இமிடசோல் அல்கலாய்டுகளுக்குப் பெயர்பெற்ற லூசெட்டா பேரினம் இந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதால், வேதியியலாளர்கள் இதைக் கவனியாமல் விடக் கூடாது. உயிரியல் பன்மைச் சட்டம், 2002-இன்படி வெளிநாட்டினர் ஆய்வுக்காக மாதிரி பெறுவதற்கும், கண்டறிந்ததற்குக் காப்புரிமை கோருவதற்கும் சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுக வேண்டும். வேறு நாட்டுக் கடலில் எடுப்பதானால் மரபு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் பற்றி 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின் கீழ் அந்த நாட்டின் விதிகளைப் பார்க்க வேண்டும். அனுமதி எண் இல்லாத மாதிரியின் முடிவுகளை நல்ல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை.

எந்த இனத்தைத் தேர்வது என்பதில் இரு அணுகுமுறைகள் உண்டு. அல்கலாய்டுகளுக்குப் பெயர்பெற்ற அகெலாஸ், ஸ்டைலிசா, ஹாலிக்குளோனா, லட்ரன்குலியா, வெரோங்கிடா வரிசை போன்றவற்றை, இதுவரை ஆராயப்படாத இடத்திலிருந்தோ ஆழத்திலிருந்தோ எடுப்பது ஒன்று. வேதியியல் அறவே அறியப்படாத இனத்தை எடுப்பது மற்றொன்று. முதலாவதில் ஏதேனும் கிடைப்பது ஏறக்குறைய உறுதி, ஆனால் அறிந்ததே மீண்டும் கிடைக்கும். இரண்டாவதில் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். தொடக்கநிலை ஆய்வாளருக்கு முதலாவதையே பரிந்துரைக்கிறேன். ஏற்கெனவே அறிந்த சேர்மங்கள் வழிகாட்டிகளாக நிற்பதால், புதியது எங்கே விலகுகிறது என்பது எளிதில் தெரியும்.

படி 2: சேகரிப்பு

முதல் கட்ட ஆய்வுக்கு ஈர எடையில் சில நூறு கிராம் போதும். கடற்பஞ்சை வேரோடு பெயர்க்காமல், அடிப்பகுதியை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் கூரிய கத்தியால் வெட்டி எடுத்தால் அது மீண்டும் வளர வாய்ப்புண்டு. அல்கலாய்டு அல்லாத ஹாலிகான்ட்ரின்-பி என்ற சேர்மத்தின் முதல் ஆய்வுக்கு 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து 12.5 மில்லிகிராம் மட்டுமே கிடைத்தது. நுண்ணளவிலும் நிறமாலை எடுக்கும் கருவிகள் கைக்கெட்டியுள்ள இக்காலத்தில் அவ்வளவு பெரிய அறுவடைக்கு முதல் கட்டத்தில் எந்த நியாயமும் இல்லை.

வெட்டுவதற்கு முன்பே, அளவுகோலை அருகில் வைத்து இருந்த இடத்திலேயே படம் எடுக்க வேண்டும். நிறம், மேற்பரப்பின் தன்மை, கையில் சுரக்கும் கோழை, மணம், காற்றில் பட்டதும் ஏற்படும் நிறமாற்றம் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்வது அவசியம். உறைந்த மாதிரியில் இவற்றில் பல மறைந்துவிடும். தீக்கடற்பஞ்சு எனப்படும் டெடானியா இக்னிஸ் போன்றவை தோலில் கடும் அழற்சியை உண்டாக்குவதால் கையுறையின்றி எதையும் தொடக் கூடாது. ஒவ்வொரு தனி உடலையும் தனிப் பையில் இட வேண்டும். ஒரே இனம்தானே என்று பல உடல்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், இரு இனங்கள் கலந்திருப்பது பின்னர் தெரியவரும்போது முழு உழைப்பும் பயனற்றுப்போகும்.

மாதிரியைக் கரைக்குக் கொண்டுவரும் வரை பனிக்கட்டியில் வைத்து, உடனே உறைய வைக்க வேண்டும். காயம்பட்ட திசு தானே வேதிமாற்றம் அடைவது இதற்கு முதன்மைக் காரணம். அப்ளைசினா கடற்பஞ்சுகளில், திசு சிதைந்ததும் நொதிகள் ஐசோஃபிஸ்டுலாரின்-3 போன்ற பெரிய புரோமோடைரோசின் அல்கலாய்டுகளை உடைத்து ஏரோப்ளைசினின்-1 போன்ற சிறிய, நச்சு மிகுந்த சேர்மங்களாக மாற்றுகின்றன. அரை நாள் வெயிலில் கிடந்த மாதிரியிலிருந்து நாம் பெறுவது உயிருள்ள கடற்பஞ்சின் வேதியியல் ஆகாது.

படி 3: இனத்தை உறுதிசெய்தல்

ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் ஒரு துண்டை 95 சதவீத எத்தனாலில் இட்டுச் சான்று மாதிரியாக வைக்க வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

சிறு துண்டை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இட்டால் திசு கரைந்து சிலிக்கா நுண்முட்கள் மட்டும் மிஞ்சும். அவற்றை நீராலும் எத்தனாலாலும் பலமுறை கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 25 முட்களின் நீளத்தையும் தடிமனையும் அளக்க வேண்டும். ஸ்டைலிசாவில் ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கியும் உள்ள நீண்ட முட்கள் காணப்படும். அகெலாஸில் வளையம் வளையமாகச் சிறு முட்கள் பதிந்த தண்டுகள் தெரியும். வெரோங்கிடா வரிசையில் முட்களே இருக்காது, ஸ்பான்ஜின் என்ற புரத நார்களே இருக்கும். இதனுடன் ரைபோசோம் ஆர்என்ஏவுக்குரிய 28எஸ் மரபணுப் பகுதியையும் வரிசைப்படுத்தினால் அடையாளம் வலுப்பெறும். முடிவை உலகக் கடற்பஞ்சுத் தரவுத்தளத்தின் இன்றைய பெயரோடு ஒப்பிட்டு, சான்று மாதிரியை அருங்காட்சியகம் ஒன்றில் பதிவு எண்ணுடன் ஒப்படைக்கவும். இனப்பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பவை. நம் எடுத்துக்காட்டு இனமே அகாந்தெல்லா, ஆக்சினெல்லா, ஸ்டைலிசா என்று மூன்று பேரினங்களில் வைக்கப்பட்டது. பெயர் மாறினாலும் பதிவு எண்ணைக் கொண்டு எவரும் அந்தத் துண்டை எடுத்து மறுபடி பார்க்கலாம்.

படி 4: சாறு எடுத்தல்

உறைந்த மாதிரியை உறைநிலை உலர்த்தியில் நீர் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, முதலில் மெத்தனாலிலும் பின்னர் மெத்தனால்-டைகுளோரோமீத்தேன் சமபங்குக் கலவையிலும் பலமுறை ஊறவைத்து வடிக்க வேண்டும். கரைப்பானை 40 டிகிரி செல்சியசுக்குக் கீழே, குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கவும். கடல் உப்பு சாற்றின் எடையை வெகுவாகக் கூட்டிக் காட்டும் என்பதால், இந்தக் கட்டத்தில் கிடைக்கும் எடையை வைத்து விளைச்சலைக் கணக்கிட வேண்டாம்.

கரைப்பானின் தேர்வில் பொறி ஒன்று உள்ளது. மெத்தனால் சில அல்கலாய்டுகளோடு தானே சேர்ந்து மெத்தாக்சி சேர்மங்களை உருவாக்கும். டைகுளோரோமீத்தேன் மூன்றாம்நிலை அமீன்களோடு மெல்ல வினைபுரிந்து நாற்தொகுதி உப்புகளைத் தரும். அசிட்டோன் அமோனியாவோடும் அமீன்களோடும் ஒட்டிக்கொள்ளும். குளோரோஃபார்மில் எப்போதும் சிறிது அமிலம் இருக்கும். எனவே, தொடக்கத்திலேயே ஒரு கிராம் அளவு உலர்ந்த திசுவைத் தனியே எத்தனாலில் சாறு எடுத்து உறைய வைத்துவிடுங்கள். இதன் பயன் படி 6-இல் தெரியும்.

படி 5: அல்கலாய்டுகளைச் செறிவாக்குதல்

பாடநூல் முறை அமில-காரப் பிரிப்பு. சாற்றை 2 சதவீத அமிலத்தில் கரைத்து, நடுநிலைப் பொருள்களை எத்தில் அசிட்டேட்டால் நீக்கி, நீர்ப் பகுதியை அமோனியாவால் பிஎச் 9 முதல் 10 வரை உயர்த்தி, டைகுளோரோமீத்தேனால் இழுத்தால் கார அல்கலாய்டுகள் கரிமப் பகுதிக்கு வந்துவிடும். மன்சமைன்களுக்கு இந்த முறை நன்கு பொருந்தும்.

ஆனால் கடற்பஞ்சு வேதியியலில் இதை மட்டும் நம்பியிருந்தால் பெரும்பகுதியை இழந்துவிடுவோம். குவானிடின் தொகுதி மிக வலிய காரம். அமோனியா கொடுக்கும் பிஎச் அளவில் அது நேர்மின்னூட்டத்தை விடாது, நீரிலேயே தங்கிவிடும். பிரிடினியம் உப்புகளும் அப்படியே. அமினோ-இமிடசோல் தாங்கிய ஒரோய்டின் குடும்பத்தை நீரிலிருந்து பியூட்டனாலுக்கு மாற்றுவதே பொதுவான வழி. ஆகவே ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன், பியூட்டனால், நீர் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, நான்கையும் சோதியுங்கள். நீர்ப் பகுதியைக் கொட்டிவிடும் பழக்கத்தை நான் எங்கு கண்டாலும் எதிர்ப்பேன். அதை டயாயான் எச்பி-20 பிசினில் செலுத்தி உப்பை நீக்கிவிட்டு மெத்தனாலால் இறக்கிப் பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.

மெல்லேட்டு நிறப்பிரிகைத் தகட்டில் டிராகென்டார்ஃப் கரைசலைத் தெளித்து ஆரஞ்சு நிறம் தோன்றினால் அல்கலாய்டு இருக்கலாம் என்று பொருள்; இருக்கிறது என்று பொருள் அல்ல. நைட்ரஜனே இல்லாத சில ஆக்சிஜன் சேர்மங்களும் இந்த நிறத்தைத் தரும். மன்சமைன்-ஏயில் உள்ள பீட்டா-கார்போலின் பகுதி 365 நானோமீட்டர் ஒளியில் நீலமாக ஒளிர்வது போன்ற கூடுதல் அடையாளங்களையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

படி 6: அறிந்தவற்றை விலக்குதல்

இந்தத் துறையில் ஆண்டுகளைச் சேமிக்கும் படி இதுதான். அறிந்த சேர்மத்தைப் பல மாதம் தூய்மைப்படுத்திவிட்டு, கடைசியில் அதன் பெயரைப் பழைய ஆய்விதழில் காண்பதைத் தவிர்க்க, தூய்மைப்படுத்தலைத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பகுதியையும் உயர் துல்லிய நிறை நிறமாலையுடன் இணைந்த திரவ நிறப்பிரிகையில் செலுத்திப் பார்க்க வேண்டும்.

ஸ்டைலிசா சாற்றில் பார்க்கக்கூடியதை அருகில் சென்று காண்போம். நிறை-மின்னூட்ட விகிதம் 232-இல் ஒற்றை முகடு தெரிந்தால் அது கிளத்ரோடினாக இருக்கலாம். 310, 312 என்று சம உயரத்தில் இரட்டை முகடு தெரிந்தால் மூலக்கூறில் ஒரு புரோமின் உள்ளது. புரோமினின் 79, 81 ஆகிய இரு ஐசோடோப்புகளும் ஏறக்குறைய சம அளவில் இருப்பதே இதற்குக் காரணம். இது ஹைமெனிடினின் நிறை. 388, 390, 392 என்று 1:2:1 உயரத்தில் மூன்று முகடுகள் தெரிந்தால் இரண்டு புரோமின்கள், இது ஒரோய்டின். ஒவ்வொரு படிக்கும் இடையே 77.91 என்ற வேறுபாடு, ஒரு ஹைட்ரஜன் போய் ஒரு புரோமின் வந்ததைச் சொல்கிறது. முகடுகள் ஒரு ஹைட்ரஜன் அயனி சேர்ந்த நிலையில் தெரிவதால், ஒரோய்டினின் நடுநிலை நிறை ஒன்று குறைவாக 387, ஒற்றைப்படை எண். ஆகவே அதில் நைட்ரஜன்களின் எண்ணிக்கையும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அதில் இருப்பவை ஐந்து.

அடுத்து, மூலக்கூறை உடைத்துப் பெறும் துண்டுகளின் நிறமாலையைப் பாருங்கள். ஒரோய்டின் உடையும்போது 250, 252, 254 ஆகிய இடங்களில் டைபுரோமோபிர்ரோல் கார்பனைல் துண்டு தோன்றும். அறியாத முகடு ஒன்றில் இதே துண்டு மாறாமல் இருந்தால், மாற்றம் மூலக்கூறின் மறுபாதியில், இமிடசோல் பக்கத்தில் உள்ளது என்று கட்டமைப்பு தெரியும் முன்பே சொல்லிவிடலாம்.

இப்போது 404, 406, 408 என்று ஒரு முகடு தெரிகிறது என வைத்துக்கொள்வோம். ஒரோய்டினைவிட 16 அதிகம், அதாவது ஓர் ஆக்சிஜன் கூடுதல். இதைப் புதியது என்று மகிழும் முன், ஏற்கெனவே அறிந்த அல்கலாய்டான டிஸ்பகமைட்-ஏயின் நிறையும் இதுவே என்பதை நினைவில் கொள்ளுங்கள். 402, 404, 406 என்று 14 அதிகமாகத் தெரிந்தால் இரு விளக்கங்கள் உண்டு: ஒரு மெத்திலீன் கூடியிருக்கலாம், 14.016, அல்லது ஓர் ஆக்சிஜன் கூடி இரு ஹைட்ரஜன்கள் போயிருக்கலாம், 13.979. இவற்றின் வேறுபாடு இந்த நிறையில் சுமார் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்பதால், 5 பிபிஎம் துல்லியமுள்ள எந்தக் கருவியும் ஐயமின்றிப் பிரித்துக் காட்டும்.

30 அதிகமாக ஒரு முகடு தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் மெத்தாக்சி தொகுதி வந்தால் இந்த வேறுபாடுதான் வரும். அது மெத்தனாலிலிருந்து வந்திருக்கக்கூடும். படி 4-இல் தனியே வைத்த எத்தனால் சாற்றை இப்போது எடுத்துப் பாருங்கள். அதில் 30-க்குப் பதிலாக 44 கூடிய முகடு இருந்தால், அது கரைப்பானால் உருவான செயற்கை விளைபொருள். 30 கூடிய முகடு அதிலும் இருந்தால், அது கடற்பஞ்சிலேயே இருந்தது என்பதற்கு வலுவான சான்று கிடைத்துவிட்டது.

தரவுத்தளங்களில் மரின்லிட் முதன்மையானது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் முர்ரே மன்றோவும் ஜான் பிளண்டும் வளர்த்தெடுத்தது. இது கட்டணச் சேவை. சான் டியேகோவில் உருவான ஜிஎன்பிஎஸ் தளத்தை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். துண்டு நிறமாலைகளின் ஒற்றுமையைக் கொண்டு அது மூலக்கூறுகளை வலைப்பின்னலாக வரைந்து காட்டும். ஒரோய்டின், ஹைமெனிடின், கிளத்ரோடின் ஆகியவை அமைந்த கொத்தில் பெயரற்ற புள்ளி ஒன்று இணைந்து நின்றால், தேட வேண்டியது அதைத்தான். மூலக்கூறு வாய்பாடு தரவுத்தளத்தில் இல்லை என்பது மட்டும் புதுமைக்குப் போதிய சான்று ஆகாது. பழைய கட்டுரைகளில் பதிவாகித் தரவுத்தளத்தில் ஏறாதவையும் உண்டு.

படி 7: தூய்மைப்படுத்தல்

வலிய காரங்கள் சாதாரண சிலிக்காவில் வால்பிடித்து இழுபடும்; சில சிதைந்தும் போகும். எனவே முதலில் செஃபடெக்ஸ் எல்எச்-20-இல் மெத்தனாலைக் கொண்டு அளவு வாரியாகவும், பின்னர் சி-18 நிரலில் படிப்படியாகவும் பிரித்து, இறுதியில் உயர்திறன் திரவ நிறப்பிரிகைக்கு (எச்பிஎல்சி) செல்வது பாதுகாப்பானது. நகர்த்தும் கரைசலில் 0.1 சதவீத டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம் சேர்த்தால் முகடுகள் கூர்மையாகும். ஆனால் ஆவியாக்கும்போது நீரும் அசெட்டோநைட்ரைலும் போகப்போக அமிலம் செறிவடைந்து, மென்மையான அல்கலாய்டைச் சிதைத்துவிடலாம். உலர்த்துவதை உறைநிலையில் செய்யுங்கள், அல்லது ஃபார்மிக் அமிலத்துக்கு மாறுங்கள்.

டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தைப் பயன்படுத்தினால் கையில் கிடைப்பது அல்கலாய்டின் உப்பு. கார்பன்-13 என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 116, 160 பிபிஎம் அருகே நான்காகப் பிளந்த முகடுகள் தெரிந்தால் அவை அமிலத்துக்கு உரியவை. அவற்றை மூலக்கூறின் பகுதியாகப் படித்துவிடக் கூடாது. எடையிலும் உயிரியல் சோதனையின் செறிவுக் கணக்கிலும் இந்த உப்பின் பங்கைக் கழிக்க வேண்டும்.

படி 8: தள அமைப்பைத் தீர்மானித்தல்

ஒன்றிரண்டு மில்லிகிராம் தூய சேர்மம் இருந்தால் இன்றைய என்எம்ஆர் கருவிகளில் முழுத் தொகுப்பையும் எடுக்கலாம். அல்கலாய்டுகளுக்கு டைமெத்தில் சல்ஃபாக்சைடு ஏற்ற கரைப்பான். நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன்களை அது மறைக்காமல் காட்டும். டியூட்டிரியம் ஏற்றிய மெத்தனாலில் அவை பரிமாற்றம் அடைந்து காணாமல் போகும்.

ஒரோய்டின் வகையில் எதிர்பார்க்க வேண்டியவை தெளிவானவை: 12.7 பிபிஎம் அருகே பிர்ரோல் நைட்ரஜனின் ஹைட்ரஜன், 8.5 அருகே அமைடு ஹைட்ரஜன், 6.9 அருகே பிர்ரோல் வளையத்தின் தனி ஹைட்ரஜன், 6.1 முதல் 6.2 வரை சுமார் 16 ஹெர்ட்ஸ் இணைப்பு மாறிலியோடு (அருகருகே உள்ள ஹைட்ரஜன்கள் ஒன்றன் முகட்டை மற்றொன்று பிளக்கும் அளவு) எதிரெதிர்ப் பக்க இரட்டைப் பிணைப்பு, 3.9 அருகே மெத்திலீன். புதிய சேர்மத்தில் இவற்றில் எது காணாமல் போயிற்று, எது இடம் மாறிற்று என்று பட்டியலிடுங்கள். இரட்டைப் பிணைப்பின் முகடுகள் மறைந்து, 2 முதல் 5 பிபிஎம் வரை புதிய முகடுகள் தோன்றினால், வளையமாதலோ இருமூலக்கூறு இணைவோ நடந்திருக்கலாம். செப்ட்ரின் அப்படி இரு மூலக்கூறுகள் இணைந்த அமைப்பு, 1981-இல் வெளியானது.

கடற்பஞ்சு அல்கலாய்டுகளில் உள்ள தனிச் சிக்கல் ஹைட்ரஜன் பற்றாக்குறை. நைட்ரஜன், புரோமின், ஹைட்ரஜன் இல்லாத கார்பன் ஆகியவை அடுத்தடுத்து நின்றால், ஹைட்ரஜனிலிருந்து இரண்டு மூன்று பிணைப்புத் தொலைவைக் காட்டும் எச்எம்பிசி நிறமாலை பல இடங்களை எட்டாது. அப்போது நைட்ரஜன்-15 தொடர்பு நிறமாலையும், அடுத்தடுத்த கார்பன்களை நேரடியாக இணைத்துக் காட்டும் அடெக்வேட் நிறமாலையும் உதவும். எல்லா முகடுகளுக்கும் பொருந்தும் ஒரு கட்டமைப்பைக் கண்டுவிட்டதோடு நிறுத்தாமல், அதே முகடுகளுக்குப் பொருந்தக்கூடிய வேறு கட்டமைப்புகளையும் வேண்டுமென்றே வரைந்து, அவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். கணினி வழிக் கட்டமைப்பு உருவாக்கம் இதில் மனித விருப்பு வெறுப்பைக் குறைக்கும்.

படி 9: முப்பரிமாண அமைப்பு

தவறுகள் பெரும்பாலும் நிகழும் இடம் இது. பலாவமைனின் வரலாற்றை ஒவ்வொரு தொடக்கநிலை ஆய்வாளரும் ஊன்றிப் படிக்க வேண்டும். 1993-இல் வெளியான கட்டமைப்பில், ஒன்றோடொன்று ஒட்டிய இரு ஐந்தணு வளையங்கள் ஒரே பக்கமாக இணைந்தவையாக வரையப்பட்டன. எதிர்ப்பக்க இணைவு மிகுந்த இறுக்கம் கொண்டது, ஆகவே இயற்கையில் எளிதில் அமையாது என்ற எண்ணம் அதற்குத் துணைநின்றது. உலகின் சிறந்த தொகுப்பு வேதியியல் குழுக்கள் பல அந்த அமைப்பை உருவாக்க ஆண்டுக்கணக்கில் முயன்றன.

2007-இல் தொடர்புடைய சேர்மங்களை ஆராய்ந்த குழுக்கள் அந்த முடிவைத் திருத்தின. அந்தச் சேர்மங்களில் ஒன்று, ஜப்பானியக் குழு ஒன்று நம் எடுத்துக்காட்டு இனமான ஸ்டைலிசா கார்ட்டெரியிலிருந்து பிரித்தெடுத்த கார்ட்டெராமைன்-ஏ. வளையம் இணையும் இடத்து ஹைட்ரஜன்களுக்கு இடையே காணப்பட்ட சுமார் 14 ஹெர்ட்ஸ் இணைப்பு மாறிலி, ஒரே பக்க இணைவோடு பொருந்தவில்லை. எதிர்ப்பக்க இணைவோடு பொருந்தியது. குளோரின் தாங்கிய கார்பனின் அமைவும் திருத்தப்பட்டது. 2010-இல் ஃபில் பாரனின் குழு திருத்திய கட்டமைப்பைத் தொகுத்தபோது ஐயம் தீர்ந்தது. இப்படி இருக்க முடியாது என்ற முன்முடிவு, அளந்த எண்ணை மீறக் கூடாது என்பதே இதில் நாம் கொள்ள வேண்டியது.

நடைமுறையில், சார்பு அமைவுக்கு (மையங்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதற்கு), வெளியில் அருகருகே உள்ள ஹைட்ரஜன்களைக் காட்டும் ரோசி நிறமாலையையும் இணைப்பு மாறிலிகளையும் எடுத்து, சாத்தியமான எல்லா அமைவுகளின் என்எம்ஆர் மதிப்புகளையும் குவாண்டம் கணக்கீட்டில் பெற்று, டிபி4 நிகழ்தகவால் ஒப்பிடுங்கள். இம்முறையை ஸ்டீவன் ஸ்மித்தும் ஜோனதன் குட்மனும் 2010-இல் வெளியிட்டனர். தனி அமைவுக்கு (இரு கண்ணாடிப் பிம்பங்களில் எது என்பதற்கு) மின்னணு வட்ட இருநிறமை நிறமாலையைக் கணக்கிட்டதோடு ஒப்பிடலாம். படிகம் கிடைத்தால் எக்ஸ்-கதிர் எல்லாவற்றையும் விட மேல். அல்கலாய்டின் ஹைட்ரோகுளோரைடு உப்பு சில வேளைகளில் எளிதில் படிகமாகும், மன்சமைன்-ஏயின் அமைப்பு அப்படித்தான் தெளிவானது. புரோமின் போன்ற கனமான அணு இருந்தால் தனி அமைவையும் அதிலிருந்தே படிக்கலாம். ஒளிச்சுழற்சி சுழியத்தை ஒட்டி வந்தால் சேர்மம் ரேசிமிக்காக, அதாவது இரு கண்ணாடிப் பிம்பங்களும் சம அளவில் கலந்ததாக, இருக்கக்கூடும். கைரல் நிரலில் சோதிக்காமல் ஒற்றை அமைவை வரைந்து வெளியிட வேண்டாம்.

படி 10: உயிரியல் சோதனையும் தோற்றமும்

செயல்திறன் இருந்தால்தான் கண்டுபிடிப்புக்கு மதிப்பு என்பது தவறு. கடற்பஞ்சு தன் தேவைக்காக உருவாக்கியது மனித நோய்க்கு உதவ வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரோய்டின் கலந்த உணவை மீன்கள் ஒதுக்குவதைக் கரீபியன் கடலில் செய்த சோதனைகள் காட்டின; அந்தச் சேர்மம் எதற்கு என்ற கேள்விக்கு அதுவே முழுமையான விடை. மருத்துவச் சோதனை செய்வதானால் நச்சுத்தன்மையைச் சாதாரண மனித செல்களிலும் அளந்து, இரண்டையும் சேர்த்து வெளியிடுங்கள். நேர்மின்னூட்டமும் நீண்ட கார்பன் சங்கிலியும் கொண்ட அல்கலாய்டுகள் செல் சவ்வையே குலைத்து, எந்தச் சோதனையிலும் செயல்படுவது போலத் தோன்றும்.

சேர்மத்தை உருவாக்குவது கடற்பஞ்சா, அதனுள் வாழும் நுண்ணுயிரியா என்பது தனிக் கேள்வி. ஹாலிக்குளோனா கடற்பஞ்சு ஒன்றில் ரெனிராமைசின் அல்கலாய்டுகளை உருவாக்குவது செல்லுக்குள் வாழும் பாக்டீரியம் என்று காட்டப்பட்டுள்ளது. மரபணுச் சான்று இல்லாத நிலையில் இன்ன கடற்பஞ்சிலிருந்து பெறப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள்; இன்ன கடற்பஞ்சு உருவாக்குகிறது என்று எழுத வேண்டாம்.

படி 11: வெளியீடு

கட்டுரையில் சேகரித்த இடம், ஆழம், நாள், அனுமதி எண், சான்று மாதிரியின் பதிவு எண் ஆகியவை முழுமையாக இடம்பெற வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதியானால் துல்லிய ஆயத்தொலைகளை வெளியிடாமல் அனுமதி அளித்த துறையிடம் மட்டும் ஒப்படைக்கலாம். நிறமாலைப் படங்களோடு, கருவி தந்த மூலத் தரவுக் கோப்புகளையும் பொதுக் களஞ்சியத்தில் இடுங்கள். பலாவமைன் போன்ற திருத்தங்கள் பழைய தரவை மறுபடி படிக்க முடிந்ததால்தான் நிகழ்கின்றன. படமாக மட்டும் அச்சான நிறமாலையில் இணைப்பு மாறிலியைப் புதிதாக அளப்பது கடினம். துண்டு நிறமாலையை ஜிஎன்பிஎஸ் நூலகத்தில் சேர்த்தால், அடுத்து இதே சேர்மத்தைச் சந்திப்பவர் ஆறாம் படியிலேயே அதை அடையாளம் காண்பார்.

எந்த மையத்தின் அமைவு உறுதி, எது கணக்கீட்டின் அடிப்படையில் முன்மொழியப்படுகிறது என்பதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே வேறுபடுத்திச் சொல்லுங்கள். எஞ்சிய சேர்மத்தை ஆர்கான் நிரப்பிய பழுப்புக் குப்பியில், -20 டிகிரி செல்சியஸில், எடையும் உப்பின் வடிவமும் எழுதிய சீட்டோடு வைத்து, கேட்கும் ஆய்வாளருக்கு ஒப்பீட்டுக்காகச் சிறு அளவு கொடுக்க ஆயத்தமாக இருங்கள்.